டிரில்லிங் ரிக் ஏறும் முன் பழைய குழிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

அல்சூர் ஜியாலஜிஸ்ட்:
வணக்கம். பெங்களூரில் ஒரு சிறிய கன்சல்டன்சியில் வேலை பார்க்கிறேன். ராய்ச்சூர் மாவட்டத்தில் தங்கத்துக்காக டிரில்லிங் தொடங்கவிருக்கும் ஒரு பிளாக்கில், பழைய சுரங்கக் குழிகள், தொல்லியல் தடயங்கள் பற்றி சர்வே ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். கையில் ஆறு நாள், ஒரு ட்ரோன், ஒரு ஜீப். "பாதுகாக்கப்பட்ட சின்னம் எதுவும் 300 மீட்டருக்குள் இல்லைன்னு ஒரு வரி எழுதினா போதும்" என்கிறார் மேனேஜர். போன வாரம் போய்ப் பார்த்தேன். புதர் மண்டிய பள்ளங்கள் ஏழு இருக்கின்றன. மழை அரித்தது என்கிறார்கள் ஊரார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எதைப் பார்த்து முடிவு செய்வது?

மாரிக்குப்பம் தாத்தா:
அம்மா, நான் கேஜிஎஃப்பில் (கோலார் தங்கவயல்) மைன் சர்வேயராக இருந்தவன். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள், அப்புறம் கே.ஆர். புரத்தில் மகள் வீட்டோடு வந்துவிட்டேன்.

மழை அரித்த பள்ளம் சரிவைப் பார்த்துப் போகும். மனிதன் வெட்டியது ரீஃபைப் (தங்கம் இருக்கும் குவார்ட்ஸ் நரம்பை) பார்த்துப் போகும். ஏழையும் மேப்பில் குறித்துக் கோடு போடுங்கள். குவார்ட்ஸ் நரம்போடு அது ஒத்துப்போனால் மழை மேல் பழி போடாதீர்கள்.

வெடி வைத்த பாறையில் துளையின் பாதித் தடம் நிற்கும். பழங்காலத்தில் தீ மூட்டி, சூடேற்றி உடைத்த பாறை அப்படி இருக்காது. பெரிய சட்டியின் உட்புறம்போல் குழிந்து வழுவழுப்பாக இருக்கும். விளிம்பில் கரித்துண்டு கிடைத்தால் கை படாமல் அலுமினியத் தாளில் மடித்து வையுங்கள். உங்கள் ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டி தங்கச் சுரங்கத்தில் ஆழத்துப் பழைய குழியில் கிடைத்த மரத்துக்கு ஏறக்குறைய 2000 வயது என்று ரேடியோகார்பன் சோதனை (மரம், கரியின் வயதைக் கணிப்பது) சொன்னது. குழிக்குள் மட்டும் இறங்காதீர்கள். அடியில் கெட்ட காற்று தேங்கியிருக்கும்.

ஊருக்குள்ளும் தேடுங்கள். ஒருமுறை ஒரு வீட்டு வாசலில் நாய்க்குத் தண்ணீர் வைக்கும் கல்லைப் பார்த்தேன். கரும்பாறைத் துண்டு, பக்கத்துப் பக்கத்தில் உள்ளங்கை அளவில் நாலு குழி. விரலால் தடவினால் கொஞ்சம்கூடச் சொரசொரப்பு இல்லை. நெல் குத்த எதற்கு ஒரே கல்லில் நாலு குழி? குவார்ட்ஸைப் பொடித்த கல் அது. "எங்க மாமியார் காலத்திலேருந்து கெடக்குது" என்றார் வீட்டுக்கார அம்மா.

மேனேஜர் சொல்லும் 300 மீட்டர், அதாவது 100 மீட்டர் தடை, அதற்கு மேல் 200 மீட்டர் கட்டுப்பாடு என்ற கணக்கு அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கு மட்டும். உங்கள் பள்ளங்கள் எந்தப் பட்டியலிலும் இருக்காது. அந்த ஒரு வரி பொய் இல்லை, ஆனால் பிரயோஜனமும் இல்லை. பழையவர்கள் தோண்டிய இடத்தில்தான் நமக்கும் தங்கம். கோலாரில் 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி பிடித்ததும் பழைய குழிகளின் அடியில்தான். டிரில் துளை சாண் அகலம்கூட வராது; ரிக்குக்கு ஜேசிபி போடும் பாதைதான் எல்லாவற்றையும் தின்னும். பழைய மண்மேட்டைத்தான் முதலில் வழித்துப் போடுவான். ஆகவே பாதை போடும் முன்னால் சர்வே முடிய வேண்டும்.

மஸ்கி பைத்தியம்:
தாத்தா சொன்னதோடு ஒன்று. 1915-இல் அதே ராய்ச்சூர் மாவட்டத்து மஸ்கியில் அசோகர் கல்வெட்டைக் கண்டது தொல்லியல்காரர் இல்லை, தங்கம் தேடப் போன பீடன் என்ற பொறியாளர். அசோகன் என்ற பெயரோடு முதலில் கிடைத்த சாசனம் அதுதான். பாறைகளைச் சாய்ந்த மாலை வெயிலில் பாருங்கள், வெட்டு நன்றாகத் தெரியும்.

வயல் பெயர்களையும் கேளுங்கள். கன்னடத்தில் "ஹொன்னு" தங்கம். "சின்ன"வும் தங்கம்தான், நம்ம ஊர் சின்ன இல்லை! ஆடு மேய்க்கும் பாட்டிகளிடம் கேட்டால் ட்ரோனைவிட வேகமாகச் சொல்வார்கள். ஏதாவது கிடைத்தால் மைசூரில் உள்ள மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள்.

அல்சூர் ஜியாலஜிஸ்ட்:
நன்றி தாத்தா, நன்றி மஸ்கி. கோடு போட்டேன். ஆறு பள்ளம் நரம்போடு அப்படியே உட்காருகிறது, ஏழாவது விலகி நிற்கிறது. பாதையை 60 மீட்டர் தள்ளிப் போடலாமா என்று கேட்டேன். "டீசல் காசு யார் தர்றது?" என்றார் மேனேஜர்.

மாரிக்குப்பம் தாத்தா:
ஏழாவது தண்ணீருக்கு வெட்டியதாக இருக்கலாம், கல் கட்டு இருக்கிறதா பாருங்கள். எதுவானாலும் ரிப்போர்ட்டில் ஏழையும் போடுங்கள். டீசலுக்கு, பழைய குழி மேல் ரிக் நின்று பூமி உள்வாங்கினால் அதை இழுத்து எடுக்க எத்தனை லிட்டர் ஆகும் என்று கேளுங்கள். பாதை தானாக நகரும்.