ஏற்றமா, வற்றமா? சுற்றுச்சூழல் துணைப்பாடம் குறித்து ஒரு தகராறு

அமிலம் (தண்டையார்பேட்டை):
பொருளியல் படிக்கும் மாணவி ஒருவர், சுற்றுச்சூழலைத் துணைப்பாடமாக எடுத்த பெருமிதத்தில், எண்ணூர்க் கழிமுகத்தில் ஒரு புட்டி நீரை எடுத்துச் சோதித்துவிட்டு, "ஒரு பருவத்தில் நாங்கள் கற்றதை வேதியியல் துறை மூன்றாண்டிலும் கற்றுத் தராது" என்று நேற்று இங்கே எழுதியிருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து எனக்குக் காப்பி இறங்கவில்லை. கொசஸ்தலையாறு அங்கே கடலோடு கலக்கிறது. நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறும், இருமுறை வற்றும். ஏற்றத்தில் எடுத்தால் புட்டியில் பெரும்பகுதி கடல்நீர்தான். வற்றத்தில் எடுத்தால் மணலி ஆலைகள் பக்கத்திலிருந்து இறங்கி வருவது. எப்போது எடுத்தார் என்று அவர் எழுதவே இல்லை. பல துறைகளில் நுனிப்புல் மேய்வதற்குப் பல்துறைக் கல்வி என்று பெயர் வைத்துவிட்டார்கள் போலும்.

உப்பங்கழி:
அந்த மாணவி நான்தான். என் பதிவில் எட்டுப் பத்திகள் இருந்தன. நீரைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் கூழ்க் குழாய் கசிந்தால் யாருடைய வருமானம் குறைகிறது, அந்த இழப்பு மின்சாரத்தின் விலையில் ஏன் சேர்வதில்லை, 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றில் எண்ணெய் படர்ந்தபோது படகோ வலையோ இல்லாமல் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் தங்கள் இழப்பை எந்தக் காகிதத்தைக் காட்டி நிறுவுவது என்பவற்றைத்தான் மீதி ஏழு பத்திகளில் எழுதியிருந்தேன். அவற்றை ஐயா படித்தாரா?

அமிலம்:
படித்தேன், அம்மா, நெஞ்சு உருகியது. ஏற்றமா, வற்றமா? இன்னொன்றும் கேட்கிறேன். நீரிலுள்ள மாசு எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கும் என்று காட்டும் வேதி ஆக்சிஜன் தேவையை உப்பு நீரில் டைகுரோமேட் முறையில் அளந்தால், குளோரைடும் சேர்ந்து ஆக்சிஜனேற்றம் அடைந்து அளவைக் கூட்டிக் காட்டும். அதைத் தடுக்க மெர்க்குரிக் சல்பேட் சேர்க்க வேண்டும். சேர்த்தீர்களா? இது எங்கள் துறையில் ஆய்வக உதவியாளருக்கும் தெரியும்.

சட்டப்புள்ளி:
அண்ணன் மெர்க்குரிக் சல்பேட்டை வண்டி வண்டியாகச் சேர்த்தாலும் அந்தப் புட்டி நீதிமன்றத்தின் படியேறாது. 1974 ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21 ஆவது பிரிவைப் பாருங்கள். அதிகாரம் பெற்றவர் ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் கண்முன்னே மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டுக் கையொப்பம் வாங்கி அனுப்பினால்தான் அது சான்றாகும். முப்பதாண்டு வேதியியல் படித்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டியதில்லை; தெரியாமல் போனதால்தான் துணைப்பாடம் வேண்டும் என்கிறோம்.

அமிலம்:
சட்டம் படித்தவர் வந்துவிட்டார். சென்ற மாதம் சாம்பலையும் நிலக்கரித் தூளையும் ஒன்று என்று எழுதி, நான் திருத்திய பிறகு அந்த வரியைச் சத்தமில்லாமல் நீக்கியவர் இவர்தான் என்பதை மற்றவர்களுக்கு நினைவூட்டுகிறேன். முத்திரையிட்ட புட்டியும் ஏற்றத்தில் எடுத்திருந்தால் ஆலைக்காரருக்குத்தான் சாதகம். என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை.

கொடுங்கையூரான்:
வடசென்னை என்றால் எண்ணூர் மட்டும்தானா? நகரத்தின் பாதிக் குப்பையை எங்கள் தலைமாட்டில் கொட்டி, அது எரியும் புகையில்தான் நான் பள்ளிக்குப் போனேன். இந்தத் துணைப்பாடக்காரர்களும் படகு இருக்கிற இடத்துக்குத்தான் களப்பயணம் போகிறார்கள். நாற்றமடிக்கிற இடத்துக்கு யாரும் வருவதில்லை.

உப்பங்கழி:
நாங்கள் கொடுங்கையூருக்கும் வந்தோம், அண்ணா. உள்ளே விடவில்லை.

கொடுங்கையூரான்:
வெளியில் நின்றே மூச்சு விட்டிருக்கலாமே.

பழைய வண்ணை:
ஒரு பழைய மாணவனின் ஐயம். நாங்கள் படித்த காலத்தில் 'அலைட்' என்று இருந்ததற்குத்தான் இப்போது 'மைனர்' என்று புதுச் சட்டை மாட்டியிருக்கிறார்களா? 1991 இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலை எல்லோருக்கும் பாடமாக்கச் சொன்ன பிறகு வந்த கட்டாயப் பாடத்தை என் மகன் தேர்வுக்கு முதல் நாள் இரவு படித்துத் தேறினான். அது போதாதா?

உப்பங்கழி:
அந்தக் கட்டாயப் பாடத்தோடு இதைச் சேர்க்காதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஆம் ஆண்டுக் கட்டமைப்பில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், அதாவது பாட அளவின் அலகு. அதில் துணைப்பாடத்துக்கு 24. ஐந்தில் ஒரு பங்கை ஒரே இரவில் படிக்க முடியாது.

பழைய வண்ணை:
தமிழ்நாடு ஏற்காத தேசியக் கல்விக் கொள்கையிலிருந்து கணக்குக் காட்டுகிறீர்கள். மகிழ்ச்சி.

சட்டப்புள்ளி:
கொள்கையை இழுக்க வேண்டாம், ஐயா. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையிலும் பொறியியல் மாணவர் 18 கிரெடிட் கூடுதலாகப் படித்துத் துணைப்பட்டம் பெற வழி இருக்கிறது.

அமிலம்:
18 ஆனாலும் 24 ஆனாலும் அதில் ஆய்வகம் எத்தனை மணி நேரம்? பேச்சு கிரெடிட்டுக்குத் தாவியது யாருக்கு வசதி என்று எனக்குத் தெரியும். நான் தண்டையார்பேட்டையில் பிறந்தவன். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியபோது வாளியால் அள்ளியவர்களோடு நின்றவன். அன்று கையில் ஒட்டியது என்னவென்று சொல்ல வேதியியல்தான் வேண்டியிருந்தது, பொருளியல் வேண்டியிருக்கவில்லை. ஏற்றமா, வற்றமா?

சட்டப்புள்ளி:
எண்ணெயை வாளியால் அள்ள வேண்டிய நிலை ஏன் வந்தது என்று சொல்ல எந்தத் துறை வேண்டியிருந்தது, அண்ணே?

அமிலம்:
பேச்சை மாற்றாதீர்கள்.

காட்டுக்குப்பம்:
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் அப்பாவிடமும் படித்துக் காட்டினேன். அமிலம் ஐயா ஏற்றம், வற்றம் என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறாரே தவிர, முகத்துவாரத்தில் மணல் அடைத்திருந்தால் கடல் ஏறினாலும் ஆற்றுக்குள் நீர் சரியாக ஏறாது என்பதைச் சொல்லவில்லை. அனல்மின் நிலையம் விடும் சுடுநீரில் கால் வைத்தவருக்கு அது எந்தப் பக்கம் போகிறது என்று புட்டி இல்லாமலே தெரியும். எந்த வகுப்பிலும் எங்கள் மீனவர்களை ஆசிரியராக உட்கார வைக்கவில்லை. படகு ஓட்டத்தான் கூப்பிட்டார்கள்.

உப்பங்கழி:
அது உண்மை. எங்களுக்குப் படகு ஓட்டியவர் சொன்னதைத்தான் ஐந்தாவது பத்தியில் எழுதியிருந்தேன்.

அமிலம்:
அவர் பெயரில்லாமல். இதுவும் துணைப்பாட வழக்கம்தானா? மணல் அடைப்பு எனக்குத் தெரியும், தம்பி; அடைப்பு இருந்தால் நேரத்தைக் குறிப்பது இன்னும் முக்கியமாகிறது. அதைத்தான் முதல் பதிவிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உப்பங்கழி:
காலை பதினொன்றே கால். என் பதிவில் படத்துக்குக் கீழே இருக்கிறது. நீங்கள் படத்தைத் திறக்கவில்லை.

காட்டுக்குப்பம்:
பதினொன்றே கால் என்றால் எந்தத் திதி? அமாவாசைக்கும் அட்டமிக்கும் அந்த நேரத்து நீர் ஒன்றாக இருக்காதே.

அமிலம்:
கேட்டீர்களா? தேதியும் இல்லை.

கொடுங்கையூரான்:
எங்கள் பக்கம் திதி பார்க்க வேண்டாம். எந்நாளும் ஒரே நாற்றம்தான்.