ஹோமில் பார்த்த பையன்கள்: உங்களுக்கு மறக்காமல் இருப்பது எது?

சனிக்கிழமை வாத்தியார்:
வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்துக்குப் போய்ப் பாடம் நடத்தியவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள், அதனால் முன்கதை வேண்டாம். நான் இரண்டு வருடம் சனிக்கிழமைதோறும் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். அதில் ஒருவன், 16 வயது, பைக் திருட்டு. பின்னம் கழிக்க வராது. ஆனால் எந்த வண்டியின் பூட்டு எத்தனை நாளில் தேயும் என்று சொல்வான்.

ஜாமீன் கிடைத்த அன்று, "சார், உங்க நம்பர் குடுங்க, வெளிய ஏதாச்சும்னா போன் பண்றேன்" என்றான். சொந்த எண்ணைத் தரக் கூடாது என்று முதல் நாளே எங்களிடம் சொல்லியிருந்தார்கள். தர முடியாதுப்பா என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. நம்பர் சொன்னேன், கடைசியில் 4-க்குப் பதில் 7. அவனிடம் பேனா இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, "கரெக்டா சார்?" என்றான். "கரெக்ட்" என்றேன். எட்டு மாதம் ஆகிறது.

ஒர்க்‌ஷாப்காரன்:
வாத்தியாரே, இதைப் படித்துவிட்டு என் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நன்னடத்தை அலுவலர் (பி.ஓ.) ஒருவர் கேட்டதால் 17 வயதுப் பையன் ஒருவனை டூவீலர் பட்டறையில் சேர்த்துக்கொண்டேன். "உன்னை நம்புறேன்டா" என்று காட்டுவதற்காகக் கல்லாப்பெட்டியைப் பூட்டாமலே வெளியே போய் வருவேன். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

நாலாம் நாள் வந்து நின்றான். கையெல்லாம் கிரீஸ். "அண்ணே, கல்லாவைப் பூட்டிட்டுப் போங்கண்ணே. வேற எவனாச்சும் எடுத்தாலும் நான்தான் எடுத்தேன்னு ஆகும்."

அன்றைக்குப் பூட்டியதுதான், இன்றுவரை பூட்டுகிறேன். கார்புரேட்டரைப் பிரித்து மாட்ட மூன்றே வாரத்தில் கற்றுக்கொண்டான். ஆனால் ஏரியாவில் எந்த வண்டி காணாமல் போனாலும் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து அவனைக் கூட்டிப்போய் உட்கார வைப்பார்கள். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவன் வேலைக்கு வரவில்லை. அவனுடைய ஸ்பேனர் செட் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

நன்னடத்தை60:
நான் அந்தத் துறையிலேயே இருந்து ஓய்வுபெற்றவன். என் கதை சின்னது. சிறார் வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் விசாரணை நடக்கும் நாளில் ஓர் அம்மா தூக்குவாளியில் புளிச்சோறு கொண்டுவந்து வெளியே உட்கார்ந்திருப்பார். உள்ளே கொடுக்க அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பியது நான்தான். அடுத்த வாய்தாவுக்கும் அதே வாளியோடு வந்தார். அதை விடுங்கள்.

ஒர்க்‌ஷாப் நண்பருக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். அந்தப் பையனைக் கூட்டிப்போனபோது நீங்கள் சும்மா இருந்திருக்கக் கூடாது. 2015 இளைஞர் நீதிச் சட்டம் 24-ஆம் பிரிவைப் படியுங்கள். குற்றம் செய்ததாக முடிவானாலும் அதனால் அவனுக்கு எந்தத் தகுதியிழப்பும் கிடையாது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்து, குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அந்தப் பதிவையே அழிக்க வேண்டும். 16 வயது தாண்டி, கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அடுத்து 74-ஆம் பிரிவு. நன்னடத்தைச் சான்றிதழுக்காகக்கூடப் பழைய வழக்கைக் காவல்துறை வெளியே சொல்லக் கூடாது. அவனைப் பிடித்தாலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அந்தக் குழுமத்தில் மாஜிஸ்திரேட் ஒருவர், சமூகப் பணியாளர் இருவர், அந்த இருவரில் ஒருவராவது பெண். அவர்களிடம் நீங்களே ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கலாம். முத்திரைத்தாள்கூட வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். 18 வயதில் இல்லத்தைவிட்டு வெளியே வருபவனுக்குப் பின்பராமரிப்பு என்று 21 வயதுவரை உதவி கேட்கலாம், அது யாருக்கும் தெரிவதில்லை. 1920-லேயே, இந்தியாவில் முதன்முதலாகக் குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் போட்ட மாகாணம் நம்முடையது. நமக்கு இது தெரியாவிட்டால் எப்படி?

வாத்தியார் விஷயத்தில், நம்பர் தராதது சரிதான். விதி அப்படி.

டீச்சரம்மா:
விதி நம்பர் தராதே என்றுதான் சொல்கிறது, பொய் நம்பர் தரச் சொல்லவில்லையே ஐயா? அப்புறம், 24-ஆம் பிரிவு, 74-ஆம் பிரிவு எல்லாம் ஸ்டேஷன் வாசலில் ஒரு பட்டறைக்காரர் சொன்னால் யார் கேட்பார்கள்? அவரும் உள்ளே உட்கார்ந்திருப்பார். 2023-இல் நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டுத்தான் இந்த இல்லங்களையே எப்படிச் சரிசெய்வது என்று அரசு கேட்க வேண்டியிருந்தது.

எங்கள் பள்ளியில் ஒருவன் ஒன்பதாம் வகுப்புக்குத் திரும்பி வந்தான். நான் ரொம்ப ஜாக்கிரதையாக, யாருக்கும் தெரியக் கூடாது என்று, "உடம்பு சரியில்லாம ஊருக்குப் போயிருந்தான்" என்று வகுப்பில் சொன்னேன். இடைவேளையில் என்னிடம் வந்து, "டீச்சர், எனக்கு என்ன நோய்னு கேக்குறாங்க, என்ன சொல்லட்டும்?" என்றான். அதை நான் யோசிக்கவே இல்லை.

நன்னடத்தை60:
அம்மா, நான் சட்டத்தைத்தான் சொன்னேன். வாசலில் வாதாடச் சொல்லவில்லை, மனு எழுதச் சொன்னேன்.

முட்டை:
நான் அந்தப் பக்கம் இருந்தவன். பெயரெல்லாம் வேண்டாம், இப்போது டிரைவர் வேலை, இரண்டு பிள்ளைகள்.

எங்களுக்கும் சனிக்கிழமை ஒரு சார் வருவார். புத்தி சொல்ல வருகிறவர்கள் நிறையப் பேர், போட்டோ எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர் கேரம் ஆடுவார், அதுவும் மோசமாக ஆடுவார். ஒரு நாள் பேய் மழை. இன்றைக்கு வரமாட்டார் என்று நான் பந்தயம் கட்டினேன், பந்தயம் ஞாயிற்றுக்கிழமை முட்டை. பேன்ட்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி கேட்டுக்குள் வந்தார். முட்டை போச்சு. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, பசியால் இல்லை.

வாத்தியார் சார், நீங்கள் இரண்டு வருடம் போனீர்கள். அவனுக்கு அது கணக்கில் இருக்கும்.

ஒர்க்‌ஷாப்காரன்:
மனுவா! சரி ஐயா, அடுத்த பையன் வந்தால் உங்களிடமே எழுதி வாங்கிக்கொள்கிறேன். கேலி இல்லை, நிஜமாகத்தான்.

சனிக்கிழமை வாத்தியார்:
இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று அந்த 7-இல் முடிகிற எண்ணுக்கு நானே அடித்தேன். வயதான ஓர் அம்மா எடுத்தார். கணக்கு சார் என்று யாரையாவது கேட்டு யாரேனும் கூப்பிட்டார்களா என்றேன்.

"ஆமா தம்பி, ஒரு பையன். வேற வேற நம்பர்லேர்ந்து மூணு தடவை கூப்பிட்டான். அப்படி யாரும் இங்க இல்லப்பான்னு சொன்னேன். கடைசித் தடவை, 'நான்தான் தப்பா மனப்பாடம் பண்ணிட்டேன் போலம்மா, மன்னிச்சிருங்க'ன்னு சொல்லிட்டு வெச்சுட்டான்."

நன்னடத்தை60:
எந்த மாவட்டம்? தனிச்செய்தியில் சொல்லுங்கள், அங்கே இப்போது இருக்கும் பி.ஓ. எனக்குத் தெரிந்தவராக இருக்கலாம்.