முதல் மின்சார ஆர்சி ஹெலிகாப்டர்: கோஆக்சியலா, நாலு சேனலா, நேரே சிபியா?

புதுச்சிறகு (கேள்வி)

ஆர்சி (ரிமோட்டில் ஓட்டும்) ஹெலிகாப்டர் பழகலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். இதுவரை டிரோனோ விமானமோ ஓட்டியதில்லை. இடம் என்று பார்த்தால் உள்ளே 5-க்கு 4 மீட்டரில் ஒரு ஹால், வெளியே மரம் மட்டை இல்லாத ஒரு திடல். திடலில் காற்று வீசாத நாள் குறைவு.

தேடத் தேடக் குழப்பம்தான் கூடுகிறது. இரண்டு ரோட்டார் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் கோஆக்சியலில் தொடங்கு என்கிறார் ஒருவர். அது பொம்மை, நாலு சேனல் (ரிமோட்டில் நாலு தனிக் கட்டுப்பாடு) ஃபிக்ஸட் பிட்ச் (இறக்கைக் கோணம் மாறாதது) எடு என்கிறார் இன்னொருவர். இரண்டும் வீண், நேரே ஆறு சேனல் கலெக்டிவ் பிட்ச், அதாவது இறக்கைக் கோணம் மாறும் சிபிக்குப் போய்விடு என்கிறார் மூன்றாமவர். இதற்கிடையே யாரோ பயன்படுத்திய டி-ரெக்ஸ் 450 என்ற சற்றுப் பெரிய சிபி ஹெலி ஒன்று ரிமோட்டோடு கைக்கு வருகிறது. எதை எடுப்பது? ஹெலியோடு கூடவே வாங்கி வைக்க வேண்டியவை என்னென்ன?

ஸ்வாஷ்பிளேட்

450-ஐ முதல் ஹெலியாக எடுக்காதீர்கள். இறக்கை ஒவ்வொன்றும் 325 மி.மீ.; சுற்றும்போது விட்டம் 70 செ.மீ.யைத் தொடும். நிமிடத்துக்கு 2500 சுற்று என்று வைத்தால் இறக்கை முனையின் வேகம் மணிக்கு 330 கி.மீ.க்கு மேல் போகிறது. உங்கள் ஹாலில் அதை எழுப்பவே கூடாது. வெளியே ஓட்டினாலும் 8, 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அந்தத் தூரத்தில் அது எந்தப் பக்கம் சாயத் தொடங்குகிறது என்பது பழகாத கண்ணுக்குப் பிடிபடாது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பழைய ஹெலியில் ஸ்வாஷ் (இறக்கைக் கோணத்தை மாற்றும் தட்டு) மட்டம், பிட்ச் (இறக்கைக் கோணம்) அளவு, ஜைரோ (ஹெலி திரும்புவதை உணரும் கருவி) எவ்வளவு அழுத்தமாகத் திருத்த வேண்டும் என்ற கெயின், கியர் இடைவெளி எல்லாவற்றையும் நீங்கள்தான் சரிபார்த்து அமைக்க வேண்டும். ஹெலி ஆடுகிறதென்றால் தப்பு உங்கள் விரலிலா, அமைப்பிலா என்று பிரித்துச் சொல்லத் தெரியாத கட்டத்தில் இரண்டையும் சேர்த்துக் கற்க முடியாது. பெட்டியைத் திறந்ததும் பறக்கும் நிலையில் வரும் சின்ன ஹெலிதான் முதலுக்கு ஏற்றது.

கோஆக்சியல் பற்றி: எதிரெதிராகச் சுற்றும் இரண்டு ரோட்டார்களில் ஒன்றின் முறுக்கை மற்றது சமன் செய்துவிடும். மேல் ரோட்டாரோடு சேர்ந்து சுற்றும் எடைக் கம்பியான ஃப்ளைபார் ஹெலியைத் தானாக நிமிர்த்தும். ஸ்டிக்கை விட்டாலும் அப்படியே நிற்கும். அதனாலேயே அதில் கற்பதற்கு அதிகம் இல்லை. ஒற்றை ரோட்டார் நொடிக்கு நொடி கேட்கும் சின்னச் சின்னத் திருத்தத்தை அது கேட்பதே கிடையாது. மின்விசிறிக் காற்றுக்கே ஒதுங்கிப்போகும். வெளியே கொண்டுபோய் முரட்டுத்தனமாகத் திருப்பினால் மேல் இறக்கையும் கீழ் இறக்கையும் மோதிக்கொள்ளும். 3 சேனல், 3.5 சேனல் இன்ஃப்ராரெட் வகை இன்னும் மோசம்: வாலில் மேல்நோக்கி இருக்கும் சின்ன விசிறி முன்னும் பின்னும்தான் சாய்க்கும், பக்கவாட்டில் நகர வழியே இல்லை. நாலு சேனலுக்குக் குறைந்த எதையும் பார்க்க வேண்டாம்.

நான் சொல்வது டபிள்யூஎல்டாய்ஸ் வி911 போன்ற, உள்ளங்கையில் அடங்கும் நாலு சேனல் ஒற்றை ரோட்டார். இறக்கைக் கோணம் மாறாது, சுழலும் வேகம் கூடினால் ஏறும், குறைந்தால் இறங்கும். த்ராட்டில் (ஏற்ற இறக்கம்), ரட்டர் (மூக்கைத் திருப்புவது), எலிவேட்டர் (முன்னும் பின்னும் சாய்ப்பது), ஐலரான் (பக்கவாட்டில் சாய்ப்பது) நாலும் உண்மையான ஹெலியில் போலவே வேலை செய்யும். எடை மிகக் குறைவு என்பதால் சுவரில் மோதி விழுந்தாலும் பெரும்பாலும் எடுத்து மறுபடி பறக்கவிடலாம். பயம் இல்லாமல் நூறு தடவை விழ முடிகிற ஹெலியில்தான் விரல் பழகும்.

எந்த மாடலாக இருந்தாலும் வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அந்த மாடல் பெயரோடு மெயின் இறக்கை, வால் இறக்கை, மெயின் ஷாஃப்ட், மெயின் கியர், டெயில் பூம் (வால் குழாய்), பேட்டரி ஆகிய ஆறையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். ஆறும் தனியே கிடைத்தால் அந்த ஹெலியை யோசிக்கலாம். ஆறில் ஏதாவது ஒன்று கிடைக்கவில்லை என்றாலும் முதல் விழுகையோடு அது அலமாரிக்குப் போய்விடும்.

பிட்ச்கர்வ்

450 பத்தி ஸ்வாஷ்பிளேட் சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆனா ஃபிக்ஸட் பிட்ச்ல எனக்கு உடன்பாடு இல்ல. காரணம் அந்தத் திடல்தான்.

அந்த வகைச் சின்ன ஹெலில ஃப்ளைபார் இறக்கைக்கு 45 டிகிரில இருக்கும். உள்ள பறக்க அது அருமை. வெளிய ஒரு காத்து அடிச்சா மூக்கு மேல தூக்கும், ஹெலி பின்னால போகும். எலிவேட்டரை முழுசா முன்னால தள்ளினாலும் காத்தை எதிர்த்து வராது. பதறிப்போய் த்ராட்டிலைக் குறைச்சா ரோட்டார் வேகம் விழுந்து கன்ட்ரோலும் சேர்ந்து போயிடும். திரும்பத் த்ராட்டில் குடுத்தா ரோட்டார் வேகம் பிடிக்கறதுக்குள்ள தரை வந்துடும்.

சிபில, அதாவது கலெக்டிவ் பிட்ச்ல, ரோட்டார் கிட்டத்தட்ட ஒரே வேகத்துல சுத்தும், இறக்கையோட கோணம்தான் மாறும். ஸ்டிக்கை அசைச்ச உடனே பதில் கிடைக்கும். முன்னாடி இதைப் புதுசா வர்றவங்களுக்குச் சொல்ல முடியாது, அவ்வளவு துள்ளும். இப்ப எக்ஸ்கே கே110 மாதிரி ஒரு செல் பேட்டரில ஓடற சின்ன சிபிகள்ல 6ஜி மோடுன்னு ஒண்ணு இருக்கு. அந்த மோடுல ஸ்டிக்கை நடுவுக்கு விட்டா ஹெலி தானா மட்டத்துக்கு வந்துடும். 3டி மோடுல வராது, சாய்ச்ச கோணத்துலயே நிக்கும். முதல் சில வாரம் 6ஜி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா 3டி. 6ஜிலயே மாசக்கணக்கா இருந்துடாதீங்க, விரல் சோம்பேறி ஆயிடும்.

சிபி எடுத்தா ரெண்டு விஷயம் கட்டாயம்.

முதல்ல த்ராட்டில் ஹோல்டு, அதாவது மோட்டாரை உடனே நிறுத்தற ஸ்விட்ச். ஐடில்-அப்ல, அதாவது ஸ்டிக் எங்க இருந்தாலும் ரோட்டார் வேகமா சுத்தற மோடுல, த்ராட்டில் ஸ்டிக்கைக் கீழ இழுத்தா மோட்டார் நிக்காது, இறக்கை எதிர்க் கோணத்துக்குப் போய் ஹெலியைத் தரையில அறையும். இது தெரியாம, விழப்போகுதுன்னு ஸ்டிக்கைக் கீழ இழுக்கறதுதான் புதுசுல எல்லாரும் செய்யற தப்பு. விழறது உறுதின்னு தெரிஞ்ச நொடி ஹோல்டு போடணும். இறக்கை தரையில மாட்டி நின்ன பிறகும் மோட்டார் சுத்திக்கிட்டே இருந்தா மெயின் கியர் பல் உரியும், ரெண்டு இறக்கையையும் இணைக்கற ஃபெதரிங் ஷாஃப்ட் வளையும், சில நேரம் ஸ்பீடு கன்ட்ரோலர் புகையும். ஹோல்டு போட்டு விழுந்தா பாதி தடவை இறக்கை மட்டும்தான் செலவு. பறக்கறதுக்கு முன்னாடி, கண்ணை மூடிக்கிட்டு ஸ்விட்சைத் தட்டிப் பழகுங்க.

ரெண்டாவது சிமுலேட்டர், அதாவது கம்ப்யூட்டர்ல ஹெலி ஓட்டிப் பழகற மென்பொருள். ரியல்ஃப்ளைட், நெக்ஸ்ட், அக்யூஆர்சி இப்படி எது கிடைச்சாலும் சரி. கீபோர்டுல ஓட்டாதீங்க, யூஎஸ்பி டாங்கிள் போட்டு நிஜ ரிமோட்லயே ஓட்டுங்க. தினமும் 20 நிமிஷம் போதும். வால் உங்களைப் பார்த்த நிலையில ஒரே இடத்துல ஒரு நிமிஷம் நிறுத்த வரணும். அப்புறம் இடது பக்கம், வலது பக்கம் திருப்பி நிறுத்தணும். கடைசியா மூக்கு உங்களைப் பார்த்து. அந்த நிலையில ஐலரானும் எலிவேட்டரும் தலைகீழாத் தெரியும், மூளை முரண்டு பிடிக்கும். ரட்டருக்கு மட்டும் ஒரு வழி இருக்கு: எப்பவும் மூக்கைப் பாருங்க, வாலைப் பார்க்காதீங்க. ரட்டர் ஸ்டிக் மூக்கைத்தான் திருப்புது.

நாலு புள்ளி ரெண்டு

எந்த ஹெலி எடுத்தாலும் பேட்டரியைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, அதனால் சொல்கிறேன்.

இந்த ஹெலிகளில் வரும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட் என்பது பெயரளவு. முழுச் சார்ஜில் 4.2. இறங்கிச் சற்று ஆறிய பிறகு அளந்தால் 3.7-க்குக் கீழே இருக்கக் கூடாது. பறக்கும்போது 3 வோல்ட்டுக்கு இறங்கிய செல் பழைய பலத்துக்குத் திரும்பாது. சின்ன ஹெலிகளில் பல தனியாக எச்சரிக்கை தராது. தூக்கும் சக்தி குறைவதுதான் அறிகுறி, அதற்குள் தாமதமாகிவிடும். முதல் பேட்டரியில் டைமரை 4 நிமிடத்துக்கு வைத்து இறக்கி அளந்து பாருங்கள். 3.85 காட்டினால் அடுத்த முறை அரை நிமிடம் கூட்டலாம். 3.65 என்றால் குறையுங்கள்.

சார்ஜ் செய்வது 1சி அளவில், அதாவது 450 மில்லிஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 0.45 ஆம்பியர். பறந்து சூடாக வந்த பேட்டரியை உடனே சார்ஜரில் மாட்டாதீர்கள். இரண்டு மூன்று நாள் பறக்கப் போவதில்லை என்றால் 3.8 வோல்ட்டில் வைத்துவிடுங்கள். முழுச் சார்ஜிலேயே கிடக்கும் பேட்டரி உப்பும். உப்பியதை ஓட்டிப் பார்க்க வேண்டாம். சார்ஜ் ஆகும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், அடியில் தீப்பிடிக்காத தளம் இருக்க வேண்டும்.

பேட்டரி நாலு வாங்குங்கள், பத்து வேண்டாம். சின்ன ஹெலிகளின் பிரஷ்டு மோட்டார் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் சூட்டிலேயே தேய்ந்துபோகும். ஒவ்வொரு பறப்புக்கும் இடையே 10 நிமிடம் ஆறவிட வேண்டும்.

இயக்கும் வரிசை: முதலில் ரிமோட், த்ராட்டில் கீழே, பிறகு ஹெலியில் பேட்டரி. மட்டமான தரையில் வைத்துச் சில நொடி தொடாதீர்கள். அந்த நேரத்தில்தான் ஜைரோ தன் நடுநிலையைக் கணிக்கிறது. கையில் பிடித்தபடி பேட்டரியை மாட்டினால் ஹெலி எழுந்ததும் ஒரு பக்கமாக ஓடும். நிறுத்தும்போது வரிசை தலைகீழ்: முதலில் பேட்டரியைக் கழற்றி, பிறகு ரிமோட்டை அணைக்க வேண்டும்.

புதுச்சிறகு

மூவருக்கும் நன்றி. 450 வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 6ஜி உள்ள சின்ன சிபியும் சிமுலேட்டரும் என்று முடிவுக்கு வந்திருக்கிறேன். மூன்று சந்தேகம். ரிமோட்டில் எந்த ஸ்டிக் எதை இயக்கும் என்பதில் மோட் 1, மோட் 2 என்று இருக்கிறதே, எதை எடுப்பது? தரைக்கு ஒரு சாண் உயரத்தில் பழகினால் விழுந்தாலும் அடிபடாது அல்லவா? ஒற்றை ரோட்டார் ஹெலி நேராக எழும்பாமல் இடது பக்கம் நகர்வதை வீடியோக்களில் பார்க்கிறேன், அது கோளாறா?

ஸ்வாஷ்பிளேட்

சிபி, 6ஜி, சிமுலேட்டர் மூன்றும் சேர்ந்தால் எனக்கும் மறுப்பில்லை. சிமுலேட்டர் இல்லாமல் என்றால்தான் வேண்டாம் என்பேன்.

மோட்: உங்கள் திடலுக்கு வருகிற, பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்கக்கூடிய ஆள் எதில் ஓட்டுகிறாரோ அதுவே. யாரும் இல்லை என்றால் மோட் 2. அதில் த்ராட்டிலும் ரட்டரும் இடது ஸ்டிக்கில், எலிவேட்டரும் ஐலரானும் வலது ஸ்டிக்கில். வாங்கிய பிறகு மாற்றுவது பெரும்பாடு, அதனால் ஆர்டர் போடும் முன் பெட்டியில் எந்த மோட் என்று பாருங்கள்.

ஒரு சாண் உயரம் பாதுகாப்பு என்பது தவறு. அங்கேதான் ஹெலி அதிகம் வழுக்கும். ரோட்டார் கீழே தள்ளும் காற்று தரையில் பட்டுத் திரும்பி அதன்மேலேயே அடிக்கிறது. ரோட்டார் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு உயரத்தைத் தாண்டினால் காற்று தெளிந்துவிடும். 25 செ.மீ. ரோட்டாருக்கு முழங்கால் உயரத்துக்கு மேலே, இடுப்பு உயரத்துக்குள் நிறுத்திப் பழகுங்கள். எழுப்பும்போது தரையோடு தேய்க்காமல் ஒரே மூச்சில் தூக்கிவிடுங்கள்.

இடது பக்கம் நகர்வது கோளாறு இல்லை. மேலிருந்து பார்த்தால் ரோட்டார் கடிகாரத் திசையில் சுற்றும் ஹெலியில் உடல் எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். வால் ரோட்டார் வாலை இடது பக்கம் தள்ளி அதைத் தடுக்கிறது. அந்தத் தள்ளல் முழு ஹெலியையும் இடதுபக்கம் நகர்த்தும். அதனால் கொஞ்சம் வலது ஐலரான் கொடுத்து, லேசாக வலப்பக்கம் சாய்ந்த நிலையில்தான் அது ஒரே இடத்தில் நிற்கும். அந்தச் சாய்வைச் சரிசெய்யப் போனால் மறுபடி நகரும்.

கூட வாங்க வேண்டியது: மெயின் இறக்கை மூன்று ஜோடி, ஃபெதரிங் ஷாஃப்ட் இரண்டு, மெயின் கியர் இரண்டு, மெயின் ஷாஃப்ட் ஒன்று, வால் இறக்கை இரண்டு, வால் மோட்டார் ஒன்று, லேண்டிங் ஸ்கிட் ஒன்று. பால் லிங்க் (குமிழில் மாட்டும் இணைப்புக் கம்பி) கழற்றும் பிளையர், நல்ல நுனி உள்ள சின்ன ஸ்க்ரூடிரைவர், முடி பிடுங்கும் ட்வீசர் வேண்டும். ட்வீசர் எதற்கென்றால், ஹாலில் பறக்கும் ஹெலியின் வால் மோட்டார் ஷாஃப்டில் தலைமுடியும் கம்பள நூலும் சுற்றிக்கொள்ளும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இறக்கைக்கும் மோட்டாருக்கும் நடுவே மெல்லிய வளையம்போல இறுகிக் கிடக்கும். மூக்கு தானாக ஒரு பக்கம் திரும்பத் தொடங்கினால் ரிமோட்டில் நடுநிலையைத் திருத்தும் ட்ரிம்மைத் தொடும் முன் இதைப் பாருங்கள். மோட்டார் தொடமுடியாத சூட்டில் இருந்தால் பெரும்பாலும் காரணம் அந்த முடிதான்.

விழுந்த பிறகு செய்ய வேண்டியது: பேட்டரியைக் கழற்றிவிட்டு ரோட்டாரைக் கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். ஃபெதரிங் ஷாஃப்டைக் கழற்றிக் கண்ணாடிமேல் உருட்டினால் வளைவு இருந்தால் தத்தித் தத்தி உருளும், அதை நிமிர்த்த முயலாமல் மாற்றிவிடுங்கள். வளைந்த ஷாஃப்டோடு பறந்தால் அதிர்வு ஜைரோவைக் குழப்பி, ஹெலி காரணமில்லாமல் ஆடும். இறக்கைத் திருகை இறுக்கி முடுக்காதீர்கள். ஹெலியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் இறக்கை தானாகத் தொங்கக் கூடாது, லேசாக உதறினால் மடங்க வேண்டும். மெயின் கியரில் ஒரு பல்லில் பேனாவால் புள்ளி வைத்து, அந்தப் புள்ளி திரும்ப வரும்வரை ஒவ்வொரு பல்லாக நகக்கண்ணால் தடவிப் பாருங்கள். ஒரு பல் பாதி உரிந்திருந்தாலும் ரோட்டார் எழும்பும், தூக்கவும் செய்யும், த்ராட்டிலை வேகமாகக் கூட்டும்போதுதான் கரகரவென்று வழுக்கி ஹெலி கீழே வரும்.