தோற்றுக்கொண்டே இருக்கும் பேஸ்பால் டீமை விடாமல் பிடித்திருப்பவர்கள் இங்கே எழுதுங்கள்

35ஆம்தெரு

2024 செப்டம்பர் கடைசி வாரம். எங்கள் சிகாகோ வைட் சாக்ஸ் 120 தோல்வியில் நிற்கிறது, 1962ல் நியூயார்க் மெட்ஸ் தோற்ற கணக்கோடு சமம். இன்னும் ஒன்று தோற்றால் 1900க்கு அப்புறம் எந்த டீமும் தோற்காத அளவு. ஜூலையிலும் ஆகஸ்டிலும் தொடர்ந்து 21 தோற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை. ஏஞ்சல்ஸோடு சிகாகோவில் மூன்று மேட்ச், முதல் நாள் நான் போயிருந்தேன்.

வந்த கூட்டத்தில் நிறையப் பேர் அந்த 121ஐ நேரில் பார்க்கவே வந்தவர்கள். ஒன்பது இன்னிங்ஸில் எட்டாவது வரைக்கும் 2-0 என்று பின்தங்கியிருந்தோம், 'டீமை விற்றுவிடு' என்று ஒரே கூச்சல். எனக்குப் பக்கத்து சீட்டில் எழுபது தாண்டிய ஒரு பெரியவர். மடியில் ஸ்கோர் புத்தகம், கையில் பென்சில். மூன்று ஸ்ட்ரைக்கிலும் அடிக்கத் தவறி ஒருவர் ஸ்ட்ரைக் அவுட் ஆனால் 'கே' (K) எழுதுவார், மட்டையை வீசாமல் நின்றபடியே அவுட் ஆனால் அந்த 'கே'யைத் திருப்பிப் போடுவார். இத்தனை தோற்ற டீமுக்கு அத்தனை பொறுமையாக ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டிருந்தார். எட்டாவதில் நம் ஆட்கள் மூன்று ரன் எடுத்து முன்னால் வந்தபோது பின்வரிசையில் இரண்டு பையன்கள், நம்ம டீம் சட்டையே போட்டிருக்கிறார்கள், 'அடச்சே' என்றார்கள். பெரியவர் திரும்பினார். சண்டைக்குத்தான் போகப்போகிறார் என்று நினைத்தேன். 'நாளைக்கும் வாருங்கள், நாளைக்கும் ஜெயிப்போம்' என்று சொல்லிவிட்டுத் திரும்பி எழுத ஆரம்பித்துவிட்டார்.

3-2. மறுநாளும் ஜெயித்தோம், அதற்கு மறுநாளும் ஜெயித்தோம். 121 டெட்ராய்ட் போன பிறகுதான் வந்தது. அந்த வருஷம் மொத்தமே 41 வெற்றி, அப்படியிருக்க எதை நம்பி அந்த மனிதர் அதைச் சொன்னார் என்பது இன்னும் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. என் பெண்ணுக்கு ஒன்பது வயது, வகுப்பில் எல்லோரும் ஊரின் இன்னொரு டீமான கப்ஸ் பக்கம், நாமும் மாறிவிடலாமா அப்பா என்கிறாள். அந்தப் பெரியவரைப் பற்றி அவளுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. உங்களுக்கும் இப்படி ஓர் ஆள், ஒரு நொடி இருந்தால் எழுதுங்கள்.

மூன்றுநதி

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ். 1993 முதல் 2012 வரை இருபது சீசன், ஒன்றில்கூட வெற்றி தோல்வியைத் தாண்டவில்லை. பிட்ஸ்பர்கில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு சீனியராக இருந்தவர், 1992 பற்றி யார் பேச்செடுத்தாலும் எழுந்து வெளியே போய்விடுவார். உலகத் தொடருக்குப் போக ஏழாவது மேட்ச், அட்லாண்டா, கடைசி இன்னிங்ஸ், முன்பு நம்மிடமே ஆடிய சிட் ப்ரீம் ஹோம் பிளேட்டில் சறுக்கி வருகிறார், இடது பக்கத்திலிருந்து நம் பேரி பாண்ட்ஸ் எறிந்த பந்து ஒரு கண்ணிமைப்பு தாமதம், அந்த ரன்னில் தோற்றோம். அதோடு பாண்ட்ஸும் போனார், இருபது வருஷமும் போயிற்று.

2013 அக்டோபர் 1, சின்சினாட்டியோடு வைல்டு கார்டு மேட்ச், தோற்றால் அதோடு சீசன் முடிந்தது. ஊரே கறுப்புச் சட்டை. அவரும் நானும் பக்கத்துப் பக்கத்தில். இரண்டாவது இன்னிங்ஸில் அவர்களுடைய பிட்சரின் பெயரைக் கூட்டம் இழுத்து இழுத்துப் பாட ஆரம்பித்தது, 'க்வே...ட்டோ', 'க்வே...ட்டோ'. நாற்பதாயிரம் பேர். இவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. க்வேட்டோ கையிலிருந்து பந்து நழுவிக் கீழே விழுந்தது. சும்மா நின்றுகொண்டிருந்தவர் கையிலிருந்து விழுந்தது! சீனியர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. அடுத்த பந்தே ரஸல் மார்ட்டின் ஹோம் ரன். அதை அவர் பார்க்கவே இல்லை, க்வேட்டோவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், பந்து போன திசையை நான்தான் தோளைத் திருப்பிக் காட்டினேன்.

அந்த மேட்சை 6-2 என்று ஜெயித்தோம். அப்புறம் செயின்ட் லூயிஸிடம் தோற்றோம், 2015ல் 98 மேட்ச் ஜெயித்தும் ஒரே ராத்திரியில் கப்ஸிடம் தோற்று வெளியே வந்தோம், அதற்குப் பிறகு பிளே-ஆஃப் பக்கமே போகவில்லை. அவர் இன்னும் சீசன் டிக்கெட் எடுக்கிறார். 1992 பற்றி இப்போது பேசுகிறார்.

பார்ட்பாலம்

35ஆம்தெரு, மூன்றுநதி, இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். 121 தோற்ற பிறகும் உங்கள் டீம் உங்கள் ஊரில்தான் இருந்தது. இருபது வருஷம் தோற்றபோதும் ஆற்றங்கரையில் உங்கள் ஸ்டேடியம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இதைப் போய் விசுவாசத்துக்குச் சோதனை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நீங்கள் ஏஞ்சல்ஸை மூன்றாவது முறை ஜெயித்த அதே செப்டம்பர் 26, ஊரை விட்டுப் போன எங்கள் அத்லெட்டிக்ஸ் டீமுக்கு ஓக்லாந்து கொலிசியத்தில் கடைசி நாள். 57 சீசன், நாலு உலகத் தொடர் கோப்பை, எல்லாம் அன்றோடு சரி. 46,889 பேர் வந்தோம். ரிக்கி ஹெண்டர்சனும் டேவ் ஸ்டூவர்ட்டும் முதல் பந்து எறிந்தார்கள். டெக்ஸாஸை 3-2 என்று ஜெயித்தோம். முடிந்தும் யாரும் கிளம்பவில்லை. மைதான ஊழியர்கள் மண்ணை அள்ளித் தர, ஆட்கள் பீர் டம்ளரில் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு மறக்காதது எங்கள் பகுதியில் சீட் காட்டிவிடும் அம்மா. வருஷக்கணக்காக அவர்தான். யார் வந்தாலும் துணியால் சீட்டைத் துடைத்துவிட்டுத்தான் உட்காரச் சொல்வார். அன்றைக்கு எல்லாம் முடிந்த பிறகு மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு சீட்டாகத் துடைத்துக்கொண்டே இறங்கினார். ஏன் அம்மா, நாளைக்கு யார் உட்காரப் போகிறார்கள் என்று கேட்டேன். 'இது என் வரிசை' என்றார்.

ஷெஃபீல்டு

கப்ஸ் என்றாலே இங்கே ஒரு மாதிரி பார்ப்பீர்கள் என்று தெரியும், 2016ல் உலகத் தொடர் கோப்பையை வாங்கிவிட்டீர்களே, உங்களுக்கு இந்த இழையில் என்ன வேலை என்பீர்கள். அதற்கு முந்தைய 1908 கோப்பைக்கும் 2016க்கும் நடுவில் 108 வருஷம் இருக்கிறது, அதையும் கணக்கில் எடுங்கள்.

அந்த அக்டோபரில் எங்கள் ஸ்டேடியம் ரிக்லி ஃபீல்டு சுவரில் சாக்பீஸால் மறைந்த ரசிகர்களின் பெயரையெல்லாம் எழுதினார்களே, நானும் ஒரு சாயங்காலம் போனேன். எனக்கு எழுத யாரும் இல்லை, வேடிக்கை பார்க்கத்தான் போனேன். கைக்கு எட்டும் உயரமெல்லாம் நிரம்பிவிட்டது. குள்ளமான ஒரு பாட்டி என்னிடம் சாக்பீஸைக் கொடுத்து, நீ உயரமாக இருக்கிறாய், என் அப்பா பெயரை எழுது என்றார். 1945 உலகத் தொடரை ரேடியோவில் கேட்டவராம், அதற்கப்புறம் இன்னொன்றைப் பார்க்காமலே போய்விட்டார். போலந்துப் பெயர், நீளம். ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். செங்கல் சொரசொரப்பு, நடுவில் சாக்பீஸ் உடைந்து பாதி கீழே போய்விட்டது, மிச்சத் துண்டு நகத்தோடு தேயும் வரை எழுதி முடித்தேன். அவர் தள்ளி நின்று வாசித்துப் பார்த்துவிட்டு, ஓர் எழுத்தைத் திருத்தச் சொன்னார்.

பார்ட்பாலம், உங்கள் வருத்தம் நியாயம்தான், ஆனால் ஒருவர் வலியை எடுத்து இன்னொருவர் வலி மேல் வைத்து அளக்காதீர்கள். அந்த அப்பாவுக்கும் டீம் ஊரில்தான் இருந்தது, அவருக்கு என்ன கிடைத்தது?

பதினெட்டு_இன்னிங்ஸ்

என்னுடையது சின்னது. சியாட்டில் மாரினர்ஸ், 2022 அக்டோபர் 15. 2001க்கு அப்புறம் எங்கள் ஊரில் நடந்த முதல் பிளே-ஆஃப் மேட்ச். ஹூஸ்டனோடு பதினேழு இன்னிங்ஸ் 0-0, பதினெட்டாவதில் ஹூஸ்டனின் ஜெரமி பேன்யா ஒரு ஹோம் ரன், முடிந்தது. ஆறு மணி நேரத்துக்கும் மேல் எல்லோரும் நின்றபடி. வெளியே வரும்போது ஒருவர் தூங்கிவிட்ட மகனைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறார், பையன் கண்ணைத் திறந்து 'ஜெயிச்சிட்டோமா' என்கிறான், அவர் 'இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், தூங்கு' என்கிறார். அவ்வளவுதான்.

35ஆம்தெரு சார், உங்கள் பெண் விஷயத்துக்கு வருகிறேன். முதலில், மாறாதே என்று சொல்லாதீர்கள், சொன்னால் கட்டாயம் மாறுவாள். அந்தப் பெரியவர் செய்ததைக் கையில் கொடுங்கள், ஸ்கோர் எழுதக் கற்றுக்கொடுங்கள். எழுதுகிற குழந்தைக்கு 9-1 என்று தோற்கிற மேட்சிலும் வேலை இருக்கும், ஏழாவது இன்னிங்ஸில் ஷார்ட்ஸ்டாப் பாய்ந்து எடுத்த ஒரு பந்துக்காகவே அந்தப் பக்கத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வாள். அடுத்தது, வார நாளில், செப்டம்பரில் கூட்டிப் போங்கள். டிக்கெட் மலிவு, கூட்டம் இருக்காது, கேட் திறந்ததும் போய் பயிற்சியைப் பார்த்தால் ஆட்டக்காரர்கள் பந்தைத் தூக்கிப் போடுவார்கள். அப்புறம் ரேடியோ. டிவியில் தோல்வி முகத்துக்கு நேராகத் தெரியும், ரேடியோவில் சமையலுக்கு நடுவே அது பாட்டுக்கு ஓடும்.

இன்னொன்று, 'நிறையத் தோற்றால் அடுத்த வருஷம் முதல் பையனை எடுத்துவிடலாம்' என்று அவளுக்கு ஆறுதல் சொல்லாதீர்கள். புது ஆட்டக்காரர்களை டீம்கள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இப்போது குலுக்கல் முறை, அதிலும் பெரிய ஊர் டீம்கள் அடுத்தடுத்த வருஷம் குலுக்கலில் வர முடியாது. 121 தோற்ற உங்கள் டீமுக்கு 2025ல் கிடைத்தது பத்தாவது இடம். தோற்பதால் லாபம் என்ற கணக்கு இனி நிச்சயமில்லை, குழந்தையிடம் பொய் நம்பிக்கை கொடுத்தால் அதுதான் அவளை கப்ஸுக்கு அனுப்பும். 2025 அக்டோபரில் டொராண்டோவில், உலகத் தொடருக்குப் போக ஏழாவது மேட்ச், ஏழாவது இன்னிங்ஸ், 3-1 என்று நாங்கள் முன்னால். அவர்களுடைய ஸ்பிரிங்கர் அடித்த மூன்று ரன் ஹோம் ரன்னில் எல்லாம் போனது. உலகத் தொடருக்கே போகாத ஒரே டீம் என்ற பெயர் இன்னும் எங்களுக்குத்தான். மறுநாள் என் பையன் கேட்டது, அடுத்த சீசன் எப்போது என்று. அதனால்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

நிஷினோமியா_வாசி

ஜப்பானிலிருந்து ஒன்று. ஹான்ஷின் டைகர்ஸ். 1985ல் ஜெயித்த வெறியில் ரசிகர்கள் கே.எஃப்.சி. தாத்தா சிலையை ஒசாகாவின் டோட்டன்போரி கால்வாயில் போட்டார்கள், அந்தச் சாபம் என்பார்கள், சிலையே 2009ல்தான் கிடைத்தது, கோப்பைக்கு 2023 வரை காத்திருந்தார்கள்.

நான் பார்த்தது கோப்பைக்கு முந்தியது. 2023 செப்டம்பர் 14, லீக் பட்டம் உறுதியான ராத்திரி, டீமின் ஸ்டேடியமான கோஷியென் பக்கத்தில் பத்துப் பேர் உட்காரும் கடை. ஒன்பதாவது இன்னிங்ஸில் இவாசாகி பந்து வீச வருகிறார், ஒலிபெருக்கியில் அவருடைய பாட்டு வரவில்லை, யோகோடாவின் பாட்டு வருகிறது. மூளைக் கட்டியால் அந்த ஜூலையில்தான் இறந்த பையன், 28 வயது, இவாசாகியோடு ஒரே வருஷம் டீமுக்கு வந்தவன். கடைக்காரர் எண்ணெய்ச் சட்டியின் அடுப்பை அணைத்துவிட்டு எங்கள் பக்கம் வந்து நின்று பாடினார். ஆர்டர் கொடுத்திருந்த யாரும் கேட்கவில்லை. ஜெயித்த பிறகு யோகோடாவின் 24ஆம் எண் சட்டையையும் கையில் பிடித்துக்கொண்டுதான் கொண்டாடினார்கள்.

35ஆம்தெரு

பதினெட்டு_இன்னிங்ஸ், நான் யோசனை கேட்கவில்லை, ஆனால் டிராஃப்ட் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, அந்த ஆறுதலை நானே அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். ஸ்கோர் புத்தகம் வாங்குகிறேன். ரேடியோ பற்றி எனக்கு உடன்பாடு இல்லை, குழந்தை முகங்களைப் பார்க்க வேண்டும்.

மெமோரியல்_33

பார்ட்பாலம் தம்பிக்கு ஒரு பதில். 1988ல் பால்டிமோர் ஓரியோல்ஸ் சீசனைத் தொடங்கியதே தொடர்ந்து 21 தோல்வியோடு. ஊருக்குத் திரும்பும்போது 1 வெற்றி, 23 தோல்வி. நாலு வருஷம் முன்புதான் எங்கள் அமெரிக்கக் கால்பந்து டீமை ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள், இதுவும் போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும். மே 2, திங்கட்கிழமை, 50,402 பேர் போனோம். நான் அப்போது மாணவன், பேஸ்பால் விதியே அரைகுறையாகத்தான் தெரியும், அறை நண்பன் இழுத்துக்கொண்டு போனான். 1-23 என்ற டீம் மைதானத்துக்குள் ஓடி வருகிறது, ஐம்பதாயிரம் பேர் எழுந்து நிற்கிறார்கள். ஒரு ஆட்டக்காரர் தொப்பியைக் கழற்றி அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. புது ஸ்டேடியத்துக்கு நீண்ட காலக் குத்தகை உறுதி என்று அன்று ராத்திரியே அறிவித்தார்கள், அதுதான் 1992ல் திறந்த கேம்டன் யார்ட்ஸ். ஆட்கள் திரண்டு போனால் டீம் நிற்கும். ஓக்லாந்தில் கடைசி நாள் வந்த கூட்டம் முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பார்ட்பாலம்

அண்ணா, முன்னாலேயே வந்தோம். 2023 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை, அந்த வருஷம் 112 தோற்ற டீமுக்கு 27,759 பேர். 'விற்றுவிடு' என்று எழுதிய பச்சைச் சட்டையை ரசிகர்களே காசு போட்டு அச்சடித்து வாசலில் இலவசமாகக் கொடுத்தார்கள். ஐந்தாவது இன்னிங்ஸ் தொடக்கத்தில் பேசி வைத்தபடி ஸ்டேடியமே வாயை மூடிக்கொண்டது, பந்து கேட்சரின் கையுறையில் விழும் சத்தம் மேல் வரிசை வரைக்கும் வந்தது, அப்புறம் அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினோம். டாம்பாவை 2-1 என்று ஜெயித்தோம். அதே நாள் நெவாடா செனட்டில் லாஸ் வேகஸ் ஸ்டேடியத்துக்குப் பொதுப் பணத்திலிருந்து 38 கோடி டாலர் வரை கொடுக்க ஓட்டுப் போட்டு முடித்தார்கள். 1988ல் உங்கள் ஊர் ஆளுநர் உங்கள் பக்கம் நின்றார், கூட்டம் மட்டும் அந்த ஸ்டேடியத்தைக் கட்டவில்லை. வரவில்லை என்று மட்டும் எங்களைச் சொல்லாதீர்கள்.

டீம் மாறிப்போன சேக்ரமெண்டோவுக்கு நான் போகவில்லை, போகிறவர்களைக் குறை சொல்லவும் இல்லை. மேற்கு ஓக்லாந்தில் ரைமண்டி பார்க்கில் பாலர்ஸ் என்று சின்ன லீக் டீம் ஆடுகிறது, 2024ல் ஆரம்பித்தது. அங்கே போகிறேன். வலது பக்கம் டிரம் அடிப்பவர்களில் எனக்குத் தெரிந்த முகங்கள் நிறைய. பே ஏரியாவில் யாராவது வருவதாக இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள், டிக்கெட்டைச் சேர்த்தே எடுத்துவிடலாம்.