தேன், பாகு: மில்லியைக் கிராமாக்கும் எண்ணுக்கு என்ன பெயர்?

அஸ்தம்பட்டியிலிருந்து:
எல்லாருக்கும் வணக்கம். ஏற்காட்டில் ஒரு மகளிர் குழுவுக்கு கேக் வகுப்பு எடுக்கிறேன். குறிப்புத்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. போன வகுப்பில் "ஒரு கப் தேன்" என்று சொன்னேன். கப் 240 மில்லி, அதனால் தராசில் 240 கிராம் நிறுத்து ஊற்றிவிட்டார்கள். 340 கிராம் வந்திருக்க வேண்டும். கேக் வறண்டு, கத்தி பட்டதும் உதிர்ந்தது. தேனை மில்லியில் அளந்தால் 1.42 ஆல் பெருக்கு என்று இப்போது சொல்லித் தருகிறேன். அந்த 1.42க்கு ஒரு பெயர் வேண்டும். அட்டவணைக் கட்டத்துக்குள் அடங்கினால் நல்லது.

ஓமலூரிலிருந்து:
அடர்த்தி. பாடநூலில் இருக்கிற சொல். தண்ணீரோடு ஒப்பிட்டால் ஒப்படர்த்தி. இதற்கு ஒரு விவாதமா?

அஸ்தம்பட்டி:
சார், முதலில் அதைத்தான் எழுதினேன். "அடர்த்தின்னா கெட்டிதானே, அப்ப நல்லெண்ணெயும் தண்ணியவிட கனமா?" என்று ஓர் அக்கா கேட்டார். நல்லெண்ணெய் தண்ணீரைவிடக் கெட்டியாகத்தான் ஒழுகுகிறது, ஆனால் மேலே மிதக்கிறது. அதன் எண் 0.92. தேன் பாட்டிலைச் சுடுநீரில் நிற்க வைத்தால் தண்ணீர்போல ஓடும், எண்ணோ அவ்வளவாக அசையாது. அவர்கள் காதில் அடர்த்தி என்றால் முடி, காடு.

ஓமலூர்:
கெட்டியாக ஒழுகுவது பாகுநிலை. அது வேறு, இது வேறு. சொல்லில் குறை இல்லை, விளக்குவதில்தான்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:
விளக்க வேண்டிய சொல்லை எதற்குத் தாளில் போடுவது? வெல்ல மண்டிப் பக்கம் வந்து கேளுங்கள், "கனம்" என்பார்கள். தேன் கனம், எண்ணெய் கனமில்லை. முடிந்தது.

ஓமலூர்:
முடியவில்லை. கனஅளவு என்றால் கொள்ளளவு. கணக்கில் கனம் என்றால் மும்மடி. மில்லிக்கும் கிராமுக்கும் நடுவில் நிற்க வேண்டிய சொல், மில்லி பக்கமே போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆத்தூரிலிருந்து (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):
இந்தப் பிரிவினை தொல்காப்பியத்திலேயே உண்டு. "அளவிற்கும் நிறையிற்கும் மொழிமுதல் ஆகி" என்று எழுத்ததிகாரம் இரண்டையும் தனித்தனியே வைக்கிறது. நாழி, உழக்கு எல்லாம் அளவு. கழஞ்சு, பலம் எல்லாம் நிறை. ஆக, முகந்து அளந்ததை நிறையாக்கும் எண் "முகநிறை". முகத்தலளவை எல்லாரும் படித்ததுதானே. தேன் என்று வந்துவிட்டதால் இன்னொன்று: தேன் என்ற சொல் இறால் (இங்கே தேன்கூடு) என்பதோடு சேர்ந்தால் தேத்திறால் என்றும் வரும். அதைத் தேனிறால் என்று எழுதுகிறவர்களுக்கும் இலக்கணத்தில் இடம் உண்டு, ஆனால் எனக்கு அந்த இரட்டைத் தகரத்தில்தான் தேன் சொட்டுகிறது. குடத்தோடு சேர்ந்தால்...

செவ்வாய்ப்பேட்டை:
ஐயா, அவங்களுக்கு வெள்ளிக்கிழமை அச்சு. தவிர, முகநிறை என்றால் சீர்வரிசைத் தட்டு மாதிரி இருக்கிறது.

ஏற்காட்டிலிருந்து (தேனீப் பெட்டி வைத்திருப்பவர்):
பெயர் என்னவோ வையுங்கள். எந்தத் தேனுக்கு 1.42? ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம், அதற்குள் இருக்கிற தேனுக்குச் சரி. கொசுத்தேனில் தண்ணீர் அதைவிட அதிகம், எண் இறங்கும். இங்கே பனிமூட்டத்தில் மூடாமல் வைத்த பாட்டில் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெல்லப்பாகுக்கு நிரந்தர எண்ணே கிடையாது. கொதிக்கக் கொதிக்க மாறும். கம்பிப் பதத்தில் ஒன்று, அதற்கு முன்னால் ஒன்று. பாகுக்கு அட்டவணை போடாதீர்கள், இறக்கி வைத்து நிறுக்கச் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி:
நல்ல வேளை சொன்னீர்கள், பாகு வரியை எடுத்துவிட்டேன். பெயருக்கு "எடையெண்" போடலாமா? தேனின் எடையெண் 1.42, நல்லெண்ணெயின் எடையெண் 0.92, தண்ணீருக்கு 1. வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை, நேராகப் பெருக்கினார்கள். 15 மில்லி கரண்டிக்கு 21 கிராம் என்று அந்த அக்காவே சொன்னார்.

செவ்வாய்ப்பேட்டை:
போடுங்கள்.

ஏற்காடு:
சரி.

ஆத்தூர்:
சேர்த்து எழுதினால் எதிர்ப்பில்லை. "எடை எண்" என்று பிரித்தால் என் பெயரை இதில் சேர்க்க வேண்டாம். நிறையெண் என்றால் இன்னும் மகிழ்வேன்.

ஓமலூர்:
எனக்கு உடன்பாடில்லை, மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். எடை நியூட்டனில் வரும், கிராமில் வருவது நிறை. அந்த அக்காவின் பிள்ளை நாளைக்கு என் வகுப்பில் உட்கார்ந்து தேனின் எடையெண் 1.42 என்று எழுதினால், நான் மதிப்பெண் போட முடியாது.

அஸ்தம்பட்டி:
அரை மதிப்பெண்ணாவது போடுங்கள் சார். தாள் அச்சுக்குப் போய்விட்டது.