நவீன் லேப்டாப்: காவேரிப்பட்டணம் வீட்டுக் குழு

அப்பா: கிளிமூக்கு மாங்காய் போட்ட பணம் வந்துவிட்டது. நவீன் லேப்டாப்புக்கு 60 ஆயிரம் எடுத்து வைத்திருக்கிறேன். மொபைல் ஆப் செய்யப் போகிறானாம். பிரியா கண்ணு, எது வாங்கலாம்?

நவீன்: அக்கா, தர்மபுரியில் ஒரு கடையில் பார்த்தேன். கேமிங் லேப்டாப், தனி கிராபிக்ஸ் கார்டு. ஆப் டெவலப்மெண்ட்டுக்கு இதுதான் சரி என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார்.

பிரியா அக்கா: ரேம்?

நவீன்: 8 ஜிபி

பிரியா அக்கா: வேண்டாம்டா. ஆப் எழுதுகிற மென்பொருள் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, அதற்குக் குறைந்தபட்சம் 8 என்று கூகுளே போட்டிருக்கிறது, அதுவும் எமுலேட்டர் இல்லாமல். எமுலேட்டரும் ஓட வேண்டுமானால் 16. கிராபிக்ஸ் கார்டுக்குப் போகிற காசை ரேமில் போடு.

மாமா: எமுலேட்டர் என்றால்?

பிரியா அக்கா: லேப்டாப்புக்குள்ளேயே ஒரு போன் ஓடும் மாமா. நாம் செய்த ஆப்பை அதில் போட்டுப் பார்ப்போம்.

மாமா: கையில் போன் இருக்கும்போது உள்ளே எதற்கு இன்னொன்று?

பிரியா அக்கா: 😂 நானும் கடைசியில் அங்கேதான் வந்தேன். 2019ல் வாங்கியது 8 ஜிபி. ஸ்டுடியோ, குரோம், எமுலேட்டர் மூன்றையும் திறந்தால் மவுஸ் அம்புக்குறிகூட நகராது, ஃபேன் மட்டும் மிக்ஸி மாதிரி கத்தும். ரேம் ஏற்றலாம் என்று கழற்றினால் எல்லாம் போர்டோடு சால்டர் செய்தது, ஸ்லாட்டே இல்லை. அப்புறம் அம்மா போனைத்தான் வயரில் மாட்டி ஓட்டினேன். செட்டிங்ஸில் பில்ட் நம்பரை 7 தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும். அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்தால் போதும், லேப்டாப்பில் எழுதிய ஆப் வயர் வழியாகப் போனில் ஓடும்.

பெரியம்மா: சீரியலில் முக்கியமான கட்டத்தில்தான் இவள் ஆப் வந்து நிற்கும். ஒரு வருடம் பட்டேன்

மாமா: ஆப்பிள்தான் நல்லது என்கிறார்களே?

பிரியா அக்கா: ஐபோன் ஆப்புக்கு எக்ஸ்கோடு என்ற மென்பொருள் வேண்டும், அது ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். ஒரே தடவை எழுதி இரண்டு வகைப் போனுக்கும் ஆப் செய்கிற ஃப்ளட்டரில் எழுதினாலும், ஐபோனில் ஓடுகிற மாதிரி பில்ட் எடுக்க மேக்கிடம்தான் போக வேண்டும். ஆனால் நம் வீட்டில் ஐபோன் யாரிடம் இருக்கிறது? ப்ளே ஸ்டோர் கணக்குக்கு ஒரே தடவை 25 டாலர். ஆப்பிளுக்கு வருடா வருடம் 99.

நவீன்: பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் செகண்ட்ஸ் ஆப்பிள் மேக்புக், எம்1 ஏர் பார்க்கலாமா அக்கா?

பிரியா அக்கா: அது 2020 மாடல். ரேமை ஏற்றவே முடியாது, 8 வாங்கினால் ஆயுளுக்கும் 8தான். உனக்கு இப்போது விண்டோஸ் போதும்.

அப்பா: கடையில் எதைப் பார்த்து வாங்குவது? மாங்காய் என்றால் காம்பைப் பார்த்தே சொல்லிவிடுவேன்

பிரியா அக்கா: இதற்கும் காம்பு இருக்கிறது சித்தப்பா 😄 நவீன், டெமோ மெஷினில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்து. டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபாமென்ஸில் மெமரியைத் தொடு, ரேம் விவரம் அங்கேதான். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் "ரோ ஆஃப் சிப்ஸ்" என்றிருந்தால் சால்டர் செய்தது. "சோடிம்" என்றிருந்தால் கழற்றி மாட்டலாம். அங்கேயே சிபியுவைத் தொட்டால் வரும் பக்கத்தில் விர்ச்சுவலைசேஷன் "எனேபிள்ட்" ஆக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எமுலேட்டர் தவழும். விர்ச்சுவலைசேஷனை பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கிற செட்டிங்ஸில், ஆன் செய்துகொள்ளலாம். ஃபைல் எல்லாம் சேமிக்கிற எஸ்எஸ்டி 512 ஜிபிக்குக் கீழே போகாதே.

பெரியம்மா: ஞாயிற்றுக்கிழமை யார் யார் வருகிறீர்கள்? அரிசி போட வேண்டும்

மாமா: நான் வருகிறேன்

நவீன்: அக்கா, கடையில்தான் இருக்கிறேன். வேறு மாடல். 16 ஜிபி, சோடிம், ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2. எஸ்எஸ்டி 512. கிராபிக்ஸ் கார்டு இல்லை. 58 சொல்கிறார்.

பிரியா அக்கா: அதேதான். ஒரு ஸ்லாட் காலி, பின்னால் 32 ஆக்கிக்கொள்ளலாம். எடு.

அப்பா: எடுக்காதே. பேக்கு, மவுஸு என்று ஏதாவது கொடுத்தால் வாங்காமல் வெளியே வந்து நில். நாளைக் காலையில் நான் வந்து பேசுகிறேன்.