உப்புத் தண்ணீருக்கு உப்பையே கொட்டச் சொல்கிறார்கள், என்ன கணக்கு இது?

மொட்டைமாடி:

புது வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. அடுத்த வாரம் சுவரை வெட்டிப் பைப் பதிக்கப் போகிறார்கள். அதற்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும்.

போர் தண்ணீர்தான். கட்டட வேலைக்குத் தண்ணீர் பிடித்துவைத்த டிரம்மின் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்தது மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது. இப்போது இருக்கும் வாடகை வீட்டிலும் இதே கதைதான்: 2 வருடத்தில் ஹீட்டர் காயில் 2 முறை மாற்றினோம். ஷவரில் பாதித் துளை அடைத்துவிட்டது, மீதித் துளைகள் சுவரைக் குளிப்பாட்டுகின்றன.

3 பேரை விசாரித்தேன். ஒருவர் மீட்டரைத் தண்ணீரில் முக்கி, "1150 காட்டுது, வீடு முழுக்க ஆர்ஓ (கரைந்திருப்பதை வடிகட்டும் கருவி) போட்டுடுங்க" என்றார். இன்னொருவர் சாஃப்ட்னர் (தண்ணீரின் கடினத்தை நீக்கும் கருவி) போட்டு, மாதாமாதம் உப்பு மூட்டை வாங்கச் சொல்கிறார். மூன்றாமவர் பைப்பின் மேல் காந்தம் மாட்டினால் போதும் என்கிறார். நாங்கள் 5 பேர், நாளுக்கு 800 லிட்டர் போலச் செலவாகும். அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு இருப்பதால் உப்பு என்றாலே எனக்குப் பயம்.

வேதியியல் டீச்சர்:

எல்லாவற்றையும் 'உப்புத் தண்ணீர்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நாக்கில் கரிக்கும் தண்ணீர் வேறு, சோப்பு நுரைக்காத தண்ணீர் வேறு. கரிப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு, அதாவது சாப்பாட்டு உப்பு. நுரையைக் கெடுப்பதும் காயிலைக் கெடுப்பதும் கால்சியம், மெக்னீசியம். இவை எவ்வளவு இருக்கின்றன என்பதுதான் கடினத்தன்மை. அந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, கரைந்திருப்பது மொத்தம் இவ்வளவு என்று சொல்லும். கரைந்திருப்பது என்ன என்று அதற்குத் தெரியாது. 1150இல் கடினத்தன்மை 200ஆகவும் இருக்கலாம், 700ஆகவும் இருக்கலாம்.

முதலில் கடினத்தன்மை பார்க்கும் சொட்டு கிட் ஒன்று வாங்குங்கள். தண்ணீர் ஒயின் நிறத்திலிருந்து நீலமாக மாறும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும், அவ்வளவுதான். 180 பிபிஎம் (லிட்டருக்கு 180 மில்லிகிராம்) தாண்டினாலே 'மிகக் கடினம்' என்பார்கள். கூடவே இரும்பும் பாருங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, வைத்த பிறகு மஞ்சளாகும் தண்ணீர் என்றால் இரும்பு உண்டு. அது சாஃப்ட்னரில் வேலை செய்யும் ரெசின் மணிகளை நாசம் செய்துவிடும், அதற்கு முன்னால் தனி ஃபில்டர் வேண்டும்.

உப்பு எதற்கு என்று கேட்டீர்கள். சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசின் மணிகள் சோடியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். கால்சியம் வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விட்டுவிடும். எல்லா இடமும் கால்சியத்தால் நிறைந்ததும், கெட்டியான உப்புக் கரைசலை ஓடவிட்டால் சோடியம் கூட்டமாக வந்து கால்சியத்தை வெளியே தள்ளும். அந்தக் கரைசல் சாக்கடைக்குப் போகிறது, உங்கள் குழாய்க்கு இல்லை. ஆனால் விடுபட்ட சோடியம் குழாய்க்கு வரும்: 100 பிபிஎம் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 46 மில்லிகிராம். அம்மா அதைக் குடிக்க வேண்டாம். குடிக்கவும் சமைக்கவும் சமையலறையில் சின்ன ஆர்ஓ வைத்தால் அந்தச் சோடியத்தில் பெரும்பகுதி போய்விடும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், சாஃப்ட்னர் போட்ட பிறகும் மீட்டர் கிட்டத்தட்ட அதே 1150ஐத்தான் காட்டும். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

காந்தம் மாட்டியவன்:

ஒரு வருடம் மாட்டியிருந்தேன். கெட்டிலில் படிவு முன்பு எப்படி இருந்ததோ அப்படியே. காந்தம் மட்டும் நன்றாக இருக்கிறது, குறிப்பு எழுதிய தாளை ஃபிரிட்ஜில் ஒட்ட உதவுகிறது.

பழைய பிளம்பர்:

டீச்சர் சொன்னதுதான், அளக்காமல் எதையும் வாங்காதீர்கள். வீடு முழுக்க ஆர்ஓ வேண்டவே வேண்டாம். தரை கழுவும் தண்ணீருக்காக ஒரு பங்கு தண்ணீரைக் கழிவாகக் கொட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

சாஃப்ட்னர் அளவுக்குக் கணக்கு இருக்கிறது. 1 லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினத்தைப் பிடிக்கும். 500 பிபிஎம் என்றால் 800 லிட்டரில் 400 கிராம். 25 லிட்டர் ரெசின் 3 நாள் தாங்கும், அப்புறம் உப்புக் கரைசலில் கழுவ வேண்டும். ஒவ்வொரு தடவையும் 3 கிலோ உப்பு போலப் போகும். இந்தக் கணக்கைப் போடாமலே பெட்டியை விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

இப்போதே செய்ய வேண்டியது பைப் வேலை. தோட்டத்துக்கும் ஃபிளஷுக்கும் சாஃப்ட்னருக்கு முன்னாலிருந்தே தனி லைன் எடுங்கள். சோடியம் ஏறினால் களிமண் இறுகிவிடும், ஃபிளஷுக்கு உப்பு செலவழிப்பதும் வீண். மாடி டேங்க்குக்குப் பின்னால் சாஃப்ட்னர் வைத்தால் அழுத்தம் பத்தாது. 10 மீட்டர் உயரத்துக்குத்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும், உங்கள் டேங்க் 3, 4 மீட்டர் மேலே இருக்கும். தானாகக் கழுவிக்கொள்ளும் வால்வுகள் பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு கேட்கும். அதனால் மோட்டாருக்கும் டேங்க்குக்கும் நடுவில் வையுங்கள். மோட்டார் தள்ளும் வேகத்தையும் விற்பவரிடம் சொல்லுங்கள், வேகம் அதிகமானால் தண்ணீர் ரெசினில் நிற்காமல் ஓடிவிடும். பக்கத்தில் ஒரு கரண்ட் பாயின்ட், ஒரு வடிகால், சாஃப்ட்னரைத் தாண்டித் தண்ணீரை நேரே விட ஒரு பைபாஸ் வால்வு. பைபாஸ் மறந்தால் சாஃப்ட்னர் ரிப்பேராகும் அன்று வீட்டில் தண்ணீரே இருக்காது. எங்கள் வீட்டிலேயே நடந்தது, பிளம்பர் வீட்டில்!

மொட்டைமாடி:

கிட் வாங்கிப் பார்த்தேன். சொட்டுக்கு 20 பிபிஎம், 26வது சொட்டில் நீலமாயிற்று. 520. இரும்பு இல்லை. 25 லிட்டர் சாஃப்ட்னர், சமையலறையில் ஆர்ஓ, தோட்டத்துக்கும் ஃபிளஷுக்கும் தனியாக ஒரு சின்ன டேங்க் என்று முடிவு செய்துவிட்டோம். மேஸ்திரி மட்டும் சாஃப்ட்னரை மாடியில் டேங்க் பக்கத்தில் வைக்கலாம், கீழே இடம் மிச்சம் என்கிறார். வைக்கலாமா?

பழைய பிளம்பர்:

மாதம் 30 கிலோ உப்பு ஆகும். மேஸ்திரி மாதாமாதம் வந்து தூக்கித் தருவாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் கீழேயே, வெயில் படாத இடத்தில்.